அறிவிக்கும் வரை

"டாக்டர், நேரம் எழுதாதீங்க" என்றான் தம்பி.

டாக்டர் பேனா மூடியைக் கழற்றிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது நாற்பது. கட்டிலின் மறுபக்கம் நின்ற அவன் அக்கா, அப்பாவின் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. நாடி நின்றுபோனது அவளுக்கும் தெரியும். விட்டால் முடிந்துபோகும் என்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எழுதாம எப்படி தம்பி?"

"எழுதவே வேண்டாம்னு சொல்லல. பன்னெண்டரைக்கு எழுதுங்க. அதுவரைக்கும் அப்பா தூங்குறார். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு ஏ.சி. ரிமோட்டை எடுத்துப் பதினாறில் வைத்தான். கதவோரம் நின்ற மாவட்டம் அதை ஆமோதித்துத் தலையாட்டினார். கட்சியின் மாவட்டச் செயலாளர் அவர். பதவியே பெயராகிப் போய், பெண்டாட்டிகூட அவரை மாவட்டம் என்றுதான் கூப்பிடுவாள் என்று அப்பா கிண்டல் செய்வார். கிண்டல் செய்தவர் போய் ஐந்து நிமிஷம்தான் ஆகிறது. மாவட்டம் அதற்குள் நான்கு போன் பேசிவிட்டார்.

அப்பா எட்டுத் தேர்தலில் நின்று ஆறில் ஜெயித்தவர். ஒருமுறை பதினாலு மாதம் போக்குவரத்து மந்திரி. இரண்டு தடவை கட்சி மாறினார். இரண்டு தடவையும் ஒரே மேடைப்பேச்சை ஆள் பெயரை மட்டும் மாற்றிப் பேசினார். அவர் கண்ணை மூடினால் தொகுதி காலி. அந்தக் காலி இடத்துக்கு இரண்டு பேர் வருஷக்கணக்காகக் காத்திருந்தார்கள். ஒருவன் தம்பி. இன்னொருவர் ஊரில் பாதிச் சாலையைப் போட்ட கான்ட்ராக்டர். கட்சித் தலைவர் இப்போது விமானத்தில் இருந்தார், பன்னிரண்டரைக்கு இறங்குவார். இறங்கியதும் அவர் கைக்கு முதலில் போய்ச் சேருவது எதுவோ அதுதான் நிற்கும். பெரியவரே தன் மகனுக்கு சீட் கேட்டு எழுதிய கடிதம் முதலில் போக வேண்டும், சாவுச் செய்தியும் கான்ட்ராக்டரின் கும்பிடும் அதற்குப் பிறகுதான் போக வேண்டும் என்பது மாவட்டத்தின் கணக்கு.

அப்படி ஒரு கடிதம் கிடையாது. ஆனால் கையெழுத்து இருந்தது, அது அவளிடம் இருந்தது.

"அக்கா, இப்படி வா" என்று தம்பி ஜன்னலோரம் கூப்பிட்டான். "ஷீட் எத்தனை மிச்சம் இருக்கு?"

"ஒண்ணே ஒண்ணு."

"போதும்."

வீட்டின் முன்னறைதான் அப்பாவின் அலுவலகம். சிபாரிசுக் கடிதம் கேட்டு வருகிறவர்களுக்கு அடித்துக் கொடுப்பது அவள் வேலை. லெட்டர் அக்கா என்றால்தான் ஊருக்கே அவளைத் தெரியும். திங்கட்கிழமைதோறும் அப்பா தன் பெயர் அச்சடித்த இருபது தாள்களில், மேலே வெற்றாக விட்டு, அடியில் கையெழுத்து மட்டும் போட்டு அவளிடம் கொடுத்துவிடுவார். "நான் ஊர்ல இருக்கேனா இல்லையான்னு வர்றவங்க கவலைப்படக் கூடாது. கேக்கறது நியாயமா இருந்தா அடிச்சுக் குடுத்துடு" என்பார். கல்யாணமாகிப் போய் மூன்றே வருஷத்தில் ஒரு பெட்டியோடு அவள் திரும்பி வந்து நின்ற அன்று, என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்காமல் அந்த இழுப்பறையின் சாவியைத்தான் கையில் கொடுத்தார். இருபத்தாறு வருஷமாக அது அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறது. படுக்கையில் விழுந்த பிறகு இருபது தாள் பத்தானது, பத்து ஐந்தானது. கடைசியாகப் போட்ட கையெழுத்துகள் கோணிக்கொண்டு போயின.

"போன வாரத் தேதி போடு" என்றான் தம்பி. "விஷயத்தை மாவட்டம் சொல்லுவார்."

"அப்பா அப்படிச் சொல்லவே இல்லையேடா."

"சொல்ல நேரம் கிடைக்கல."

கிடைத்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் இவனே ஒரு கடிதத்தை அடித்து எடுத்து வந்து, தலையணையை நிமிர்த்தி, அப்பா கையில் பேனாவையும் வைத்தான். அப்பா கடிதத்தைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்து, "எழுத மாட்டேங்குதுடா" என்றார். இவன் வேறு பேனா எடுக்க ஓடினான். இவன் திரும்பி வருவதற்குள் அப்பா போர்வையை இழுத்துக்கொண்டு குறட்டை விட்டார். அன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டுப் பத்துத் தாள் கொண்டுவரச் சொன்னார். அதே பேனாவால் பத்திலும் கையெழுத்துப் போட்டார்.

அதை அவள் தம்பியிடம் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"என்ன யோசனை?" என்றான் அவன். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கும் இந்த வீட்லதான் இருக்கணும் நீ. அதையும் சேர்த்து யோசிச்சுக்கோ" என்றான்.

அப்போது அம்மா வந்துவிட்டாள். மூட்டு வலிக்காரி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வருகிற சத்தம் கேட்டதுமே தம்பி பாய்ந்து போய் வாசலை மறித்தான்.

"அப்பா தூங்குறார்மா. டாக்டர் ஊசி போட்டிருக்கார். பேச்சுக் குடுக்காதே."

"நான் எதுக்குப் பேசப் போறேன்?" என்ற அம்மா, அவன் கையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து கட்டிலருகே வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள். அறை இருந்த குளிருக்குப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். டாக்டர் சட்டென்று தன் காகிதங்களில் எதையோ தேட ஆரம்பித்தார். பத்து மணி மாத்திரையை டப்பாவிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து அம்மா சற்று நேரம் பார்த்தாள். பிறகு அதைத் திரும்ப டப்பாவிலேயே போட்டு மூடினாள்.

"பாத்தியா, ஒண்ணும் தெரியல" என்று தம்பி அக்காவின் காதில் சொன்னான்.

அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. முன்னறைக்கு நடந்தாள்.

கூடத்துச் சுவரில் அப்பா முதன்முதலாக ஜெயித்த நாளின் படம் மாட்டியிருந்தது. வாக்கு எண்ணிய கட்டிடத்து வாசலில் நாற்பது பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். அம்மா மட்டும் வாயை இறுக மூடியிருப்பாள். மூவாயிரம் ஓட்டு முன்னால் போய்விட்டது என்று உள்ளிருந்து ஆள் ஓடி வந்து சொன்ன பிறகும், "அறிவிக்கற வரைக்கும் சிரிக்கக் கூடாது" என்று அப்பா சொல்லியிருந்தார். மற்றவர்கள் கேட்கவில்லை. அம்மா கேட்டாள். படம் எடுத்த பத்தாவது நிமிஷம் அறிவித்தார்கள், அதன் பிறகு சிரித்த சிரிப்பை யாரும் படம் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஏழு தேர்தலிலும் அம்மா அப்படித்தான். தோற்றபோதும் அறிவித்த பிறகுதான் அழுதாள்.

முன்னறையில் பெஞ்சில் ஒரு கண்டக்டர் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். யூனிஃபார்மோடு, மடியில் தோல்பை. மூன்று நாளாக வந்து போகிறவள். இவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"பெரியவர் எழுந்துட்டாராக்கா?"

"இன்னும் இல்லம்மா."

எவ்வளவு சுலபமாக வந்தது பொய்!

"இன்னைக்குப் பன்னெண்டு மணியோட மாறுதல் லிஸ்ட்டை மூடுறாங்கக்கா. அதுக்கப்புறம் ஒரு வருஷம் வாயைத் திறக்க முடியாது."

கதை இவளுக்குத் தெரியும், முந்தாநாளே விசாரித்து வைத்திருந்தாள். கடைசித் தாள் என்பதால், அப்பா எழுந்து இன்னும் சில தாளில் கையெழுத்துப் போடட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தாள். புருஷனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் அவனை டயாலிசிஸ் மெஷினில் படுக்க வைக்க வேண்டும், மெஷின் இந்த ஊரில்தான் இருக்கிறது. அவளைப் போட்டிருப்பதோ ஒன்பது மணி நேரத் தூரத்தில் ஒரு மலை டெப்போவில். தொகுதி உறுப்பினரின் கடிதம் இருந்தால் அவள் பெயர் பட்டியலில் ஏறும்.

"லீவு தீர்ந்துடுச்சு. நாளைக்கு நான் டூட்டில ஏறியாகணும். ஏறினா அந்தாளை மெஷினுக்குக் கூட்டிட்டுப் போக நாதி கிடையாது" என்றாள் கண்டக்டர். அழவில்லை. சில்லறை இல்லை என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

இவள் சாவியை எடுத்து இழுப்பறையைத் திறந்தாள். பச்சை ஃபைலுக்குள் அந்த ஒரே தாள் இருந்தது. மேலே அப்பாவின் பெயர், நடுவே வெள்ளை, அடியில் வலப்பக்கம் சரிந்து இறங்கிய கையெழுத்து. இனி ஒரு எழுத்து அவர் எழுதப் போவதில்லை. அழ முடியாது. அழுதால் எதிரில் நிற்கிறவளுக்குத் தெரிந்துவிடும். இவள் வாயிலிருந்து செய்தி வெளியே போய்விட்டால் இந்தக் கையெழுத்துக்கு எந்த அலுவலகத்திலும் ஒரு மரியாதையும் கிடையாது. செத்தவர் கடிதத்தை எவன் வாங்குவான்?

தம்பி செய்யச் சொன்ன அதே பொய்யைத்தான் தானும் செய்யப் போகிறோமா என்று ஒரு கணம் கூசியது. பத்துத் தாளில் ஓடிய அந்தப் பேனா ஞாபகம் வந்தது. அதற்கு மேல் இவள் யோசிக்கவில்லை. தாளை பிரின்டரில் வைத்தாள்.

அப்பாவின் கடிதம் எப்போதும் மூன்று வரிதான். 'மேற்படி நடத்துநரின் கோரிக்கையை விசாரித்தேன். நியாயமானது. உடனே ஆவன செய்ய வேண்டும்.' இன்றைய தேதி போட்டாள். பிரின்டர் கரகரவென்று இழுத்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும் போலிருந்தது. பதிவேட்டில் எண் போட்டு, கடிதத்தை உறையிலிட்டுக் கண்டக்டரின் தோல்பைக்குள் தானே வைத்தாள்.

"எவ்வளவு நேரத்துல போய்ச் சேருவே?"

"ரெண்டு பஸ் மாறணும். அங்கயும் லைன்ல நிக்கணும். பதினொன்றரை ஆயிடும்கா."

"குடுத்து, சீல் வாங்கினதும் எனக்கு போன் பண்ணு. வழியில யார் என்ன சொன்னாலும் காதுல போட்டுக்காதே. திரும்பி மட்டும் வந்துடாதே."

கண்டக்டர் புரியாமல் விழித்தாள். அந்த நேரம் பார்த்து தம்பியும் மாவட்டமும் உள்ளே வந்தார்கள்.

"யாரு இது?"

"டிரான்ஸ்ஃபர் லெட்டருக்கு வந்தாங்க. அப்புறம் வரச் சொல்லிட்டேன்" என்றாள் இவள்.

கண்டக்டர் இவள் முகத்தைப் பார்த்தாள், தம்பியின் முகத்தைப் பார்த்தாள். தினம் ஆயிரம் முகம் பார்க்கிறவள். பையின் வாரை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சரிக்கா, அப்புறம் வரேன்" என்றாள். வாசலில் செருப்பை மாட்டும்போது தம்பியைத் திரும்பிப் பார்த்து, "பெரியவர் சீக்கிரம் எழுந்து உக்காரணும் சார்" என்றாள்.

"ம்... ம்..." என்றான் தம்பி.

அவள் தெருமுனை திரும்பும்வரை இவள் ஜன்னலைப் பார்க்காமல் இருந்தாள். மணி பத்தே முக்கால்.

"ஷீட்டை எடு" என்றான் தம்பி.

இவள் பூட்டிய இழுப்பறையைத் தட்டிக் காட்டினாள். "இருந்தது ஒண்ணுதான்டா. அதுல தப்பாச்சுன்னா யாரைப் போய் இன்னொண்ணு போடச் சொல்லுவே? முதல்ல வெறும் பேப்பர்ல அடிச்சுப் பாத்து விஷயத்தைச் சரி பண்ணிக்குவோம்."

"அக்கா சொல்றது கரெக்ட்" என்றார் மாவட்டம். தொண்டையைச் செருமி, மைக் முன்னால் நிற்பது போல ஒரு கையை உயர்த்தினார். "எழுதும்மா. என் பொதுவாழ்வு எனும் நெடும்பயணத்தின் அந்தி சாயும் வேளையிலே..."

"அப்பா லெட்டர்ல அந்தி சாஞ்சதே இல்லையே மாவட்டம்."

"கடைசி லெட்டர் இல்லையா? கொஞ்சம் உருக்கமா இருக்கட்டும்."

"படிச்சதுமே இது நீங்க எழுதினதுன்னு தலைவர் கண்டுபிடிச்சுடுவார்."

மாவட்டம் யோசித்தார். அந்தி போனது. 'தாயின் மடியில் தவழ்ந்த நாள் முதலாய்' வந்தது, அதுவும் போனது. நான்கு தடவை அடித்தாள், ஐந்தாவது தடவை மார்ஜின் சரியில்லை என்றாள். கணினியின் மூலையில் பதினொன்று ஐந்து, பதினொன்று பதினைந்து, பதினொன்று இருபத்திரண்டு என்று நேரம் நகர்ந்தது. இடையில் கான்ட்ராக்டரே தம்பிக்கு போன் செய்தார்.

"அப்பா... தூங்குறார் அண்ணே... ஆமா, இப்பதான் பால் குடிச்சார்" என்று தம்பி சொன்னான். சொல்லி முடித்ததும் போனை மேசையில் வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தான். கண் சிவந்திருந்தது. பெற்ற அப்பன் செத்துக்கிடக்க, பால் குடித்தார் என்று சொல்ல வேண்டியிருந்தது அவனுக்கு. இவளுக்கு அவன்மேல் இருந்த கோபத்துக்குள் ஒரு பரிதாபமும் நுழைந்தது, அது கோபத்தைவிடத் தொந்தரவாக இருந்தது.

பதினொன்றே முக்கால். போன் வரவில்லை. பஸ் கிடைத்திருக்காதா? அதிகாரி சீட்டில் இல்லையா? உள்ளேயிருந்து டாக்டர் வந்து எட்டிப் பார்த்தார். "இதுக்கு மேல என்னால முடியாது தம்பி. அந்தம்மா என் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க."

"போதும்கா. உள்ளது நல்லா இருக்கு. இதையே ஷீட்ல அடி" என்றான் தம்பி.

"ஒரு எழுத்துப் பிழை இருக்கு."

"இருக்கட்டும்!"

"அப்பா லெட்டர்ல பிழையா?"

"அக்கா, விளையாடறியா? சாவியைக் குடு!"

அவன் சங்கிலியைப் பிடித்தே விட்டான். கழுத்தில் சுரீரென்றது. அப்போதுதான் அவள் போன் அடித்தது. ஒரு கையால் சங்கிலியை அவனிடமிருந்து பிடித்துக்கொண்டு மறுகையால் எடுத்தாள்.

"வாங்கிட்டாங்கக்கா" என்றாள் கண்டக்டர். பின்னால் பஸ் ஹாரன் சத்தம். "பதினொண்ணு அம்பதுன்னு நேரம் போட்டு சீல் வெச்சாங்க. லிஸ்ட்ல என் பேரை எழுதறதை நானே பாத்தேன். பெரியவர் எழுந்தா சொல்லுங்க, நான் நேர்ல வந்து..."

"சொல்றேம்மா" என்று வைத்துவிட்டாள். பிறகு தானே சாவியைக் கழற்றி, இழுப்பறையைத் திறந்து, பச்சை ஃபைலை விரித்து மேசைமேல் வைத்தாள்.

ஃபைல் காலி. தம்பி அதைத் தூக்கி உதறிப் பார்த்தான்.

"அந்த கண்டக்டர்..." என்றான்.

"ஆமா."

மாவட்டம் ஃபைலை ஒருமுறை, தம்பியை ஒருமுறை பார்த்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு இறங்கினார். ஜன்னல் திறந்திருந்தது. "அண்ணே, வணக்கம்ணே... உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்..." என்று கான்ட்ராக்டரிடம் அவர் குழைவது இருவருக்கும் நன்றாகக் கேட்டது.

தம்பி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். கத்துவான், அடிப்பான் என்றுதான் இவள் எதிர்பார்த்தாள்.

"இருபது வருஷம் அவர் கார்க்கதவைத் திறந்து விட்டிருக்கேன்கா" என்றான். "மழையில குடை பிடிச்சேன். மாலை விழுந்தா வாங்கி வெச்சேன். உன்னை நம்பிக் கையெழுத்தைக் குடுத்தார். எனக்கு அந்தக் கதவைத் தவிர என்ன குடுத்தார்?"

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பேனா எழுதவில்லை என்று அப்பா சொன்ன அன்று சாயங்காலம் நடந்ததை இனி எப்போதும் இவனிடம் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

"அவ புருஷனுக்கு என்ன?" என்றான், கணினியின் மூலையில் பன்னிரண்டு இருபது ஆனபோது.

"ரெண்டு கிட்னியும் போச்சு."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனான். அவளும் பின்னாலேயே போனாள். அறை விறைத்துக் கிடந்தது. டாக்டர் காகிதத்தை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு பேனாவோடு தயாராக இருந்தார்.

"எழுதுங்க டாக்டர்" என்றான் தம்பி.

"எத்தனை மணின்னு?"

ஒன்பது நாற்பது என்று உண்மையைச் சொல்லிவிட்டால் போதும். பதினொன்று ஐம்பது சீலோடு ஒரு கடிதம் பட்டியலில் இருக்கிறது, செத்தவர் எப்படிக் கொடுத்தனுப்பினார் என்று கேட்க எவனாவது ஒருவன் கிளம்புவான். தம்பிக்கும் அது தெரியும். அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். சின்ன வயதில் அவளோடு சண்டை போட்டுவிட்டு அப்பா முன்னால் வந்து நிற்கும்போது பார்க்கிற அதே பார்வை, காட்டிக்கொடுக்கட்டுமா என்று.

"நான் முதல்ல சொன்ன நேரம்தான்" என்றான். "பன்னெண்டரை."

டாக்டர் எழுதினார். தம்பி கட்டிலின் கால்மாட்டில் போய் நின்று, அப்பாவின் பாதத்தின்மேல் கையை வைத்தான். வெளியே ஏதோ ஒரு கார் வந்து நின்றது, உடனே இன்னொன்று.

அம்மா நாற்காலியில் அசையாமல் இருந்தாள். விரல் நுனிகள் குளிரில் வெளுத்திருந்தன. மகளின் புடவையைப் பிடித்து இழுத்துக் கிட்டே குனிய வைத்தாள்.

"அறிவிச்சாச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆச்சும்மா."

"அப்ப, இப்ப அழலாமா?"

மகள் போர்வைக்கடியில் தடவி ரிமோட்டைத் தேடி எடுத்து, ஏ.சி.யை அணைத்தாள்.